மூன்று பகோடாக் கணவாய்



தோட்டத்து லயங்களிலும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோன குடும்பங்களிலும் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும், பெரியவர்களுக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இன்று இரண்டு நாடுகளின் எல்லையில் இருக்கும் ஒரு மலைக் கணவாயைப் பற்றி உங்களோடு பேசப் போகிறேன். எங்கோ இருக்கிற கணவாய்க்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அது சிங்கப்பூரிலிருந்தே தொடங்குகிறது.

பள்ளி விடுமுறையில் ஒருமுறை மாணவர்களைச் சிங்கப்பூருக்குச் சுற்றுலா அழைத்துப் போயிருந்தோம். சிராங்கூன் சாலையில் இறங்கி வீரமாகாளியம்மன் கோவிலில் கும்பிட்டோம். 1942-இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது அக்கம்பக்கத்து மக்கள் அடைக்கலம் புகுந்த கோவில் அது. அந்தச் செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். தேக்கா சந்தையில் சாப்பிட்டோம். பிறகு புக்கித் தீமா பக்கம் போய், பழைய ரயில் பாதையில் நடந்தோம்.

சிங்கப்பூர் போய் வந்தவர்களுக்கு இந்தப் பாதை தெரிந்திருக்கும். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை மலாயா ரயில் ஓடிய வழி அது. 2011-இல் அந்த ரயில் நின்றது. தண்டவாளங்களை எடுத்துவிட்டு, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளத்துக்குப் பசுமையான நடைபாதையாக வைத்திருக்கிறார்கள். பழைய இரும்புப் பாலங்களை நினைவுக்காக விட்டிருக்கிறார்கள். காலையிலும் மாலையிலும் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள்.

அங்கே ஒரு மாணவன் என்னிடம் கேட்டான்: "டீச்சர், அந்தக் காலத்தில் இந்த ரயில் எது வரைக்கும் போகும்?"

"ஜொகூர் பாரு, கிம்மாஸ், கோலாலம்பூர், ஈப்போ, பாடாங் புசார். அதற்கு மேலே தாய்லாந்து" என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கு என் பாட்டியின் ஞாபகம் வந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த ரயில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் பார்ப்போம்.

பிள்ளைகளே, கணவாய் என்றால் என்ன? நீண்ட மலைத்தொடர் ஒரு மதில்போல நிற்கிறது. அந்த மதிலில் ஓரிடம் மட்டும் தாழ்ந்து, ஆள் ஏறி இறங்கக்கூடிய வழியாக இருந்தால் அதுவே கணவாய். தமிழ்நாட்டையும் கேரளத்தையும் இணைக்கும் பாலக்காட்டுக் கணவாயைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதுபோல, தாய்லாந்துக்கும் மியன்மாருக்கும் நடுவே நிற்கும் தெனாசரிம் மலைத்தொடரில் இருப்பதுதான் மூன்று பகோடாக் கணவாய்.

அது பெரிய உயரமும் அல்ல. கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். சிங்கப்பூரின் மிக உயரமான புக்கித் தீமா குன்று சுமார் 164 மீட்டர். அதைப்போல இரண்டு மடங்குகூட இல்லை. ஆனால் அக்கம்பக்கத்து மலைகளெல்லாம் அதைவிட உயரம், அடர்ந்த காடு, மூங்கில் புதர். ஆகவே பழைய காலத்திலிருந்தே இந்த வழியாகத்தான் வணிகரும், யாத்திரிகரும், படைகளும் வந்து போனார்கள். சயாமின் பழைய தலைநகரான அயுத்தியாவின் மீது பர்மிய அரசர்கள் படையெடுத்த வழிகளில் இதுவும் ஒன்று.

தாய் மொழியில் இதற்கு டான் செடி சாம் ஓங் என்று பெயர். 'சாம்' என்றால் மூன்று. 'செடி' என்பது நம் நூல்களில் வரும் 'சைத்தியம்' என்ற சொல்லின் உறவு. புத்தர் நினைவாகக் கட்டும் தூபி. அங்கே வெள்ளை நிறத்தில் மூன்று சிறிய தூபிகள் வரிசையாக நிற்கின்றன.  இந்தப் பக்கம் தாய்லாந்தின் சங்க்லாபுரி. அந்தப் பக்கம் மியன்மாரின் பயதோன்சு என்ற சிற்றூர். எல்லைக் கதவு இரு நாட்டு நிலவரத்தைப் பொறுத்துத் திறப்பதும் மூடுவதும் உண்டு. முதுகில் பையை மாட்டிக்கொண்டு பல நாட்டு இளைஞர்கள் இங்கே வருகிறார்கள். தூபிகளின் அருகே நின்று படம் பிடித்துக்கொண்டு, காட்டு வழிகளில் நடந்துவிட்டுப் போகிறார்கள்.

இந்தக் கணவாய்க்குத்தான் நம் தோட்டத்து மக்கள் போனார்கள். தாமாகப் படம் பிடிக்கப் போகவில்லை. கொண்டுபோகப்பட்டார்கள்.

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அதே ஆண்டு பர்மாவும் அவர்கள் கைக்குப் போனது. பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்கு அரிசியும் ஆயுதமும் ஆளும் அனுப்பவேண்டும். கப்பலில் அனுப்பினால் மலாக்கா நீரிணையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். நேச நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்கள் தாக்கிவிடும். ஆகவே சயாமிலிருந்து மலையைக் கடந்து பர்மாவுக்கு ஒரு ரயில் பாதை போடத் தீர்மானித்தார்கள். சயாமில் பான்போங் அருகிலிருந்து பர்மாவில் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். குவே நொய் ஆற்றின் கரையோடு மேலே ஏறி, மூன்று பகோடாக் கணவாயில் மலையைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கும் பாதை. ஆங்கிலேயர் முன்பே இந்த வழியை ஆராய்ந்து, காடும் மழையும் நோயும் அதிகம் என்று கைவிட்டிருந்தார்கள். பல ஆண்டு பிடிக்கக்கூடிய அந்த வேலை 1942-இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் முடிந்தது. சுமார் 16 மாதம்! அவ்வளவு சீக்கிரமாக அதை முடிக்க, மனித உயிரைத்தான் செலவழித்தார்கள்.

தண்டவாளத்துக்கு இரும்பு வேண்டுமே? நம் கிழக்குக்கரை ரயில் பாதையிலிருந்தே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஆளுக்கு எங்கே போனார்கள்? முதலில் போர்க் கைதிகள். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் ஆகியோரும் சில அமெரிக்கரும் சேர்ந்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். சிங்கப்பூரில் சாங்கியில் அடைபட்டிருந்தவர்களைச் சரக்கு ரயில் பெட்டிகளில் திணித்து, நான்கைந்து நாள் பயணமாகப் பான்போங்குக்கு அனுப்பினார்கள். நானும் என் மாணவர்களும் நடந்தோமே, அந்த வழிதான்.

அது போதவில்லை. அடுத்ததாக ஆசியத் தொழிலாளர்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர். எல்லாரையும் சேர்த்து இரண்டு லட்சம் அளவுக்கு இருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் எழுபத்தையாயிரத்துக்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்.

ஏன் தோட்டத்துத் தமிழர்? அன்றைய நிலைமையை எண்ணிப் பாருங்கள். ஜப்பான்காரன் வந்ததும் துரைமார்கள் ஓடிவிட்டார்கள், அல்லது சிறைப்பட்டார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை. பால்மரம் சும்மா நின்றது. அரிசி வருவது நின்றுபோய், மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. கட்டத் துணி இல்லை. அந்த நேரத்தில், "சயாமில் வேலை இருக்கிறது, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு, வீடு இலவசம், சில மாதத்தில் திரும்பிவிடலாம்" என்று சொன்னால் போகாமல் இருப்பார்களா? முதலில் போனவர்கள் நம்பித்தான் போனார்கள். அவர்களிடமிருந்து ஒரு செய்தியும் வராமல் போகவே, மற்றவர்கள் பயந்தார்கள். பிறகு பலாத்காரம் வந்தது. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கேட்டார்கள். இலவசப் படக்காட்சி என்று ஊரைக் கூட்டி, கதவை அடைத்து, வந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றிய கதையைப் பல பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சிலர் மனைவி மக்களோடு குடும்பமாகவே போனார்கள்.

அங்கே போனதும் என்ன ஆயிற்று? காடு வெட்டவும், மண் சுமக்கவும், பாறை உடைக்கவும், கட்டை இழுக்கவும் வைத்தார்கள். 1943-இன் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. மே மாதம் தொடங்கினால் அந்த மலையில் மாதக்கணக்கில் ஓயாத மழை. மூங்கிலும் அத்தாப்பும் வைத்த கொட்டகை. பல இடங்களில் அதற்குக் கூரையும் சரியில்லை. கொஞ்சம் அரிசி, கொஞ்சம் காய்ந்த காய். மலேரியா, வயிற்றுக் கடுப்பு, காலில் அழுகிப் பரவும் புண். எல்லாவற்றுக்கும் மேலாக வாந்திபேதி.

கணவாய்க்குக் கொஞ்சம் கீழே சொங்குராய், நீக்கே என்ற முகாம்கள் இருந்தன. 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து 7,000 போர்க் கைதிகளைக் கொண்ட ஒரு கூட்டத்தை அங்கே அனுப்பினார்கள். பான்போங்கில் இறக்கி, இரவு இரவாக ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நடக்கவைத்தார்கள். ஓராண்டுக்குள் அவர்களில் சுமார் 3,100 பேர் இறந்துபோனார்கள். படைவீரர்கள், வாலிபர்கள், கூடவே மருத்துவர்கள் இருந்தவர்கள். அவர்கள் கதியே இப்படி.

இங்கே பிள்ளைகள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். வாந்திபேதிக் கிருமி அசுத்தத் தண்ணீரில் பரவுகிறது. கைதிகளிடம் மருந்து இல்லை. ஆனால் மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்கி எடு, கழிவுக்குழியைத் தள்ளி வெட்டு என்று சொல்ல அதிகாரிகள் இருந்தார்கள். கேட்டு நடக்கக் கட்டுப்பாடு இருந்தது. நம் ஆட்களுக்கு அப்படி யாரும் இல்லை. ஒரு தோட்டத்து ஆள் இன்னொரு தோட்டத்து ஆளை அறியமாட்டான். கங்காணி இறந்தால் அடுத்துப் பேச ஆள் கிடையாது. ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தார்கள். முகாம் முகாமாக விழுந்தார்கள். கைதிகளில் ஏறத்தாழ 12,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேர் இறந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது.

'சுமார்' என்ற இந்தச் சொல்லை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்ல வந்த செய்தி அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

போர் முடிந்தது. எல்லையை ஒட்டிய தண்டவாளத்தை அகற்றிவிட்டார்கள். 1980-களில் கட்டிய காவ் லேம் அணையின் நீருக்குள் பாதையின் ஒரு பகுதி மூழ்கிப்போனது. நாம் தோக் என்ற ஊர் வரை மட்டும் இன்றும் ரயில் ஓடுகிறது. அதற்கு மேலே, காடு வளர்ந்த பழைய வழியில் நரகத்தீக் கணவாய் என்று ஓர் இடம் உண்டு. பெயர்தான் கணவாய், உண்மையில் அது பாறையைக் கையால் வெட்டிய வழி. இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாய் மனிதர்கள் வேலை செய்த காட்சி நரகம்போல இருந்ததால் அந்தப் பெயர். 1998-இல் ஆஸ்திரேலிய அரசு அங்கே ஓர் அருங்காட்சியகம் அமைத்தது. பழைய பாதையில் சில கிலோமீட்டர் நடக்கலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் 25-ஆம் நாள் விடியற்காலையில் ஆஸ்திரேலியர்கள் அங்கே வந்து விளக்கேற்றி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

காஞ்சனபுரி நகரில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, துப்புரவாக வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான கல்லில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. பேரப்பிள்ளை வந்தால் நேரே போய்த் தாத்தாவின் கல்லைத் தொடலாம்.

நம்மவருக்கு? 1944-இல் ஜப்பானியப் படையே அங்கே ஒரு நினைவுத் தூண் எழுப்பியது. அதன் சுற்றில் பல மொழிகளில் வாசகம் பொறித்திருக்கிறது; தமிழிலும் இருக்கிறது. ஆனால் ஒரு பெயரும் இல்லை. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்களாக இருக்கவேண்டும் என்றார்கள். யார் யார் என்று சொல்ல எவராலும் முடியவில்லை. 2023-இல் அங்கே தமிழ்த் தொழிலாளர் நினைவாக நடுகல் ஒன்று நாட்டப்பட்டது. எண்பது ஆண்டுக்குப் பிறகாவது ஒரு கல் வந்ததே என்று மகிழ்ச்சி. ஆனாலும், அதில் பொறிக்கப் பெயர்களுக்கு எங்கே போவது?

ஏன் இந்த வேறுபாடு? வெள்ளைக்காரன் என்பதால் மட்டும் அல்ல. கைதிகளின் முகாமில், உயிர்போகும் நிலையிலும், யாரோ ஒருவர் துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்தார். இன்ன பெயர், இன்ன நாள், இன்ன இடத்தில் புதைத்தோம் என்று எழுதி, மூங்கில் குழாயில் ஒளித்துவைத்தார்கள். நம் ஆட்களுக்கு எழுதிவைக்க ஆள் இல்லை. அனுப்பியவன் தலையை எண்ணி அனுப்பினான். பெயரைக் கேட்டு அனுப்பவில்லை. தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் பெயர் இருந்தாலும், போர்க் குழப்பத்தில் அந்தப் புத்தகங்கள் எத்தனை மிஞ்சின?

இப்போது என் பாட்டியின் கதையைச் சொல்கிறேன். பாட்டிக்கு ஒரு மூத்த அண்ணன். பால்மரம் வெட்டியவர். 1943-இல் சயாமுக்குப் போனார், திரும்பவில்லை. பாட்டிக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குப் படையல் போடும்போது பாட்டி ஓர் இலை கூடுதலாகப் போடுவார். "இது அண்ணனுக்கு" என்பார். நாங்கள் பிள்ளைகள், அந்த இலையில் இருக்கும் அதிரசத்துக்குச் சண்டை போடுவோம்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது பாட்டி நல்ல நினைவோடுதான் இருந்தார். வரலாற்றுப் பாடத்துக்கு நான் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதினேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக் கொடுப்பேன். அண்ணன் பெயர் என்ன பாட்டி என்று ஒரு நாளும் கேட்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்றிருந்தேன். பாட்டி காலமானபோது, கருமாதிப் படையலில் அந்தக் கூடுதல் இலையைப் போட்டோம். பெயரைச் சொல்லிக் கும்பிடவேண்டும் என்றார் பூசாரி. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என் அப்பாவுக்கும் தெரியவில்லை, அத்தைமாருக்கும் தெரியவில்லை. மூத்தவரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று பாட்டி கடைசிவரை 'அண்ணன்' என்றே சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் அவர் பெயர் அன்றோடு இல்லாமல் போயிற்று. இத்தனைக்கும் நான் எழுதப் படிக்கத் தெரிந்தவள். பிறருக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவள்.

ஆகவேதான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 1943-இல் பத்து வயதாக இருந்த பிள்ளை இன்று தொண்ணூறைத் தாண்டியவர். அப்படிப்பட்டவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டாலும், அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள், உங்களில் அறுபது எழுபது வயதுக்காரர்கள் இருக்கிறீர்கள். வீட்டில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் எடுங்கள். போனவரின் முழுப்பெயர், தகப்பனார் பெயர், எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த ஆண்டு போனார், திரும்பினாரா, இதைச் சொன்னவர் யார், எழுதிய நாள் எது. இந்த எட்டையும் எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள், கற்பனையாக நிரப்பவேண்டாம். தாத்தா பாட்டி பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். ஒரு பிரதியை உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியில் கொடுங்கள், ஆசிரியர்கள் பாதுகாப்பார்கள்.

இது ஆகாத காரியம் அல்ல. சிங்கப்பூரில் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979-இல் தொடங்கியது. ஜப்பான் காலத்தை நேரில் கண்டவர்கள் பலரின் பேச்சை அது பதிவு செய்து வைத்திருக்கிறது. தமிழில் பேசியவர்களும் அவர்களில் உண்டு. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலையும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்ற நாவலையும் தந்திருக்கிறார்கள். நூல் நிலையத்தில் கிடைத்தால் படியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பெயரை எந்த எழுத்தாளரும் எழுத முடியாது. நீங்கள்தான் எழுதவேண்டும்.

சுற்றுலாவிலிருந்து திரும்பியதும் என் வகுப்பில் இதைச் செய்யச் சொன்னேன். இருபத்திரண்டு பிள்ளைகளில் ஐந்து பேர் சயாமுக்குப் போனவரின் கதையைக் கொண்டுவந்தார்கள். மூவருக்கு முழுப்பெயர் கிடைத்தது. அந்த ரயில் எது வரைக்கும் போகும் என்று கேட்ட மாணவனும் அவர்களில் ஒருவன். தன் கொள்ளுத்தாத்தா அந்த வழியில்தான் போனார் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. நோட்டில் பெயரை எழுதிவிட்டு, "டீச்சர், எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள்" என்று நீட்டினான். பிழை இல்லை.

நேயர்களே, உங்களில் யாராவது ஒரு நாள் சிங்கப்பூரின் அந்தப் பசுமைப் பாதையில் நடந்தாலும், தாய்லாந்துக்குப் போய் மூன்று தூபிகளின் முன் நின்றாலும், பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அழகாக இருக்கும் இடம்; மகிழ்ச்சியாக நடக்கட்டும். ஆனால் போவதற்கு முன்பு, இன்றிரவு சாப்பாடு முடிந்ததும், வீட்டுப் பெரியவரின் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

வணக்கம்.